சொல்லாமல் ஏற்றிய காற்று

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். நாலு வண்டிக்கு அப்பால் நிற்கிற கண்டக்டரைக் கூப்பிட அவளுக்கு ஹாரனும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம், தொண்டை போதும். சக ஓட்டுநர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான். அதை அவளுடைய அண்ணன் எப்படியோ தெரிந்துகொண்டு வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். அதன்பிறகு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது.

அப்பேர்ப்பட்ட ஹாரன், அன்றைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குரலே எழும்பாமல் நின்றாள்.

மோட்டார் சைக்கிள் கம்பெனி தன் பழைய தொழிற்சாலையின் ஒரு பக்கத்தை அருங்காட்சியகமாக்கித் திறந்திருந்தது. புதிதாக ஒரு டர்போ வண்டி விற்பனைக்கு வரப்போகிறது. அதற்கு ஒரு பரம்பரைப் பெருமை வேண்டுமில்லையா? அவள் ஓட்டுகிற தடம் முழுக்க விளம்பரப் பலகைகள்: 'டர்போ திரும்பி வருகிறது!' ஒவ்வொரு சிக்னலிலும் அது அவள் முகத்துக்கு நேராக இளித்தது. பார்த்துவிட்டுத்தான் வருவோமே என்று வார விடுமுறையில் தனியாகக் கிளம்பி வந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை.

மூன்றாவது கூடத்தில் அந்த வண்டி இருந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை, அதற்குக் கீழே 'டர்போ' என்ற எழுத்து. இடது பக்கம் முழுக்க உரசித் தேய்ந்து, கைப்பிடி உள்பக்கமாக மடங்கியிருந்தது. பழுது பார்க்காமல், அடிபட்டது அடிபட்டபடியே துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை: 'ஓட்டுநரின் அலட்சியத்தால் விபத்துக்குள்ளான சோதனை வண்டி.'

அலட்சியம்!

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு டயரையும் புறங்கையால் தடவிப் பார்க்கிறவன் அவள் அண்ணன். வயிறு நிறையச் சாப்பிட்டால் உடம்பு மந்தமாகும் என்று ஓட்டுகிற நாளில் அரை வயிற்றோடு போகிறவன். தலைக்கவசத்தின் வாரை மாட்டிவிட்டு, மாட்டினோமா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறவன். அவனுக்கா அலட்சியம்? பித்தளையில் வேறு செதுக்கி வைத்திருக்கிறார்கள், அழியக்கூடாதாம்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைக் காதால்தான் கேட்டிருந்தாள். இப்போது கண்ணாடிக்குள் வைத்து, மேலே விளக்கும் போட்டுக் காட்டினார்கள்.

"யாரும்மா இங்க பொறுப்பு?" என்றாள். குரல் திரும்பி வந்துவிட்டது. மூன்று கூடத்திலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய அண்ணனுக்கு அந்தக் காலத்துச் சிநேகிதர்கள் வைத்த பெயர் சுருட்டை. இப்போது தலையில் சுருள்வதற்கு ஒன்றுமில்லை; பெயர் மட்டும் உதிராமல் இருக்கிறது. இளவயதில் அவன் அந்தக் கம்பெனியின் சோதனை ஓட்டுநர். புது வண்டி சந்தைக்கு வருவதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஓடுபாதையில் அதை விரட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே துள்ளுகிறது என்று வந்து சொல்வது வேலை.

அந்த வருடங்களில் மோட்டார் சைக்கிள் கம்பெனிகளுக்கெல்லாம் டர்போ ஜுரம் பிடித்திருந்தது. ஒருவன் டர்போ வண்டி விட்டால் அடுத்தவனுக்குத் தூக்கம் வராது. லாரிக்கும் விமானத்துக்கும் இருந்த சங்கதி, காருக்கு வந்தது, பிறகு இரண்டு சக்கரத்துக்கும் இறங்கியது. அது என்னவென்று சுருட்டை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விளக்கினான்.

"எஞ்சின் விடுற புகை சும்மாதானே வெளிய போகுது? அந்தப் புகையை வச்சே ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்த விடறாங்க. அது வெளிக்காத்தை இழுத்து எஞ்சின் வாயில திணிக்குது. தானா திங்கறதைவிட ஊட்டி விட்டா அதிகமாத் திங்குமில்ல, அது மாதிரி. சின்ன எஞ்சின்தான்; பெரிய எஞ்சின் வேலை செய்யும்."

"வயித்துக்கு ஒத்துக்குமாடா?" என்றாள் அம்மா.

"அதைத்தாம்மா நான் ஓட்டிப் பார்த்துச் சொல்லணும்!"

ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று இருந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினவுடன் வண்டி பாயாது. காற்றாடி வேகம் எடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். என்னடா இது, சொன்னது காதில் விழவில்லையா என்று ஓட்டுகிறவன் நினைத்து முடிப்பதற்குள், மொத்தமும் ஒரே மூச்சில் வந்து முதுகில் மோதும். நேர்ச்சாலையில் என்றால் சிரிப்புத்தான் வரும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது வந்தால் பின்சக்கரம் தரையை விட்டுவிடும். சுருட்டை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வளைவு முடிந்து வண்டி நேராவதற்கு இத்தனை மூச்சு முன்னதாகத் திருக வேண்டும் என்று உடம்புக்குப் பழக்கியிருந்தான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு ஓடுபாதை, கரண்டி வண்டி. எங்கே திருகுவது, எங்கே காற்று வந்து சேரும் என்று தினமும் ஓட்டிக் காட்டுவான். தங்கைக்கு அப்போது கல்லூரிக்குப் போகிற வயது. தட்டைப் பார்த்துப் பார்த்து அந்த வளைவு அவளுக்கும் மனப்பாடம்.

ஒருநாள் கம்பெனி பத்திரிகைக்காரர்களை அழைத்தது. பந்தல், நாற்காலி, கேமராக்கள். எல்லாருக்கும் எதிரில் சுருட்டை அந்த வளைவில் சாய்ந்தான். வழக்கமான இடத்தில்தான் திருகினான். ஆனால் காற்று வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தது. வழக்கத்தைவிடப் பலமாகவும் வந்தது. வண்டி அவனைத் தூக்கி எறிந்துவிட்டு, தானும் உரசிக்கொண்டே போய்த் தடுப்பில் மோதியது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. இன்றுவரை மடங்காது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மெக்கானிக் வந்தான். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"காலையில டர்போ அழுத்தத்தை ஏத்தி வைக்கச் சொன்னாருண்ணே, பெரிய என்ஜினியரு. கேமரா முன்னாடி வண்டி சீறணுமாம். உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேண்ணே. சத்தியமா நினைச்சேன்."

சுருட்டை அவன் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினான். தங்கை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ இதை வெளிய சொல்லக்கூடாது. அவன் புள்ளகுட்டிக்காரன். வேலை போயிடும்" என்று அண்ணன் அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

கம்பெனி அவனைப் பண்டகசாலைக் கவுண்டரில் உட்கார வைத்தது. நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓடுபாதையின் மதில் ஓரமாகவே தினமும் நொண்டி நொண்டிப் போய், நொண்டி நொண்டி வந்து, ஓய்வு பெற்றான். டர்போ ஜுரமும் சில வருடத்தில் தணிந்தது. விலை அதிகம், கனம் அதிகம், இன்சூரன்ஸ்காரர்கள் முகம் சுளித்தார்கள், டர்போ இல்லாத பெரிய எஞ்சினே அதே வேகத்தைத் தந்தது. எல்லாக் கம்பெனியும் ஒவ்வொன்றாக டர்போ கடையைக் கட்டின. மெக்கானிக்கும் போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். வாக்கு மட்டும் ஹாரனின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஓர் இளம்பெண். நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"பழைய அறிக்கையில அப்படித்தாம்மா இருக்கு. நாங்களா எதுவும் எழுதலை."

"அறிக்கையை எழுதினது யாரு?"

"அப்போ இருந்த தலைமை என்ஜினியர்."

"அப்படின்னா திருடன் கையிலயே சாவியைக் கொடுத்து, கடை பத்திரமா இருக்கான்னு கேட்டிருக்கீங்க."

பொறுப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடுத்த வாரம் அவரே இங்க பேச வர்றாரு. டர்போ வண்டிகளோட வரலாறு பத்தி. பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். நீங்களும் வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஹாரன் கொட்டித் தீர்த்தாள். சுருட்டை சன்னல் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய வால்வு ஒன்றை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விடு, ஹாரன். எந்தக் காலத்துக் கதை."

"எந்தக் காலத்துக் கதையோ! இன்னைக்கு டிக்கெட் போட்டுக் காட்டறானே! பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா வந்து வாசிக்குதுங்க, அலட்சியமாம்!"

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது!"

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கும் போதாது. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் தூக்கத்துல வலது கையைத் திருகிக்கிட்டே இருக்காரு. அலட்சியக்காரன் கையா அது?"

சுருட்டை வால்வைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் அடுத்த வாரம், ஹாரன் கிளம்பும்போது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "சும்மா கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன். நீ கத்தாம இருக்கியான்னு பார்க்க" என்றான்.

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் தலைமை என்ஜினியர். வெளுத்த தலை, வெள்ளி முனை வைத்த கைத்தடி. பேச்சு தேனாக ஓடியது. எப்படி எல்லாக் கம்பெனியும் ஒரே சமயத்தில் டர்போவின் பின்னால் ஓடின, கார்புரேட்டரை விட்டுவிட்டு எரிபொருளைப் பீய்ச்சும் கருவிக்கு மாறியது எப்படி, தாமதத்தைக் குறைக்கக் காற்றாடியை எவ்வளவு சின்னதாக்கினார்கள் என்றெல்லாம் சொன்னார். ஹாரனே சில இடங்களில் தன்னை மறந்து தலையாட்டினாள். பிறகு ஒரு பையன் கேட்டான், இவ்வளவு நல்ல வண்டி ஏன் தோற்றது என்று.

"வண்டி தோக்கலை, தம்பி. ஓட்டறவங்கதான் அதுக்குத் தயாரா இல்லை. பொறுமையாப் பழகணும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்வாங்களே!" என்றார் என்ஜினியர். "அடுத்த கூடத்துல ஒரு வண்டி இருக்கு, போய்ப் பாருங்க."

சபை சிரித்தது.

ஹாரன் எழுந்தாள். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார், அவரைக் கையமர்த்தினாள்.

"ஐயா, அந்த வண்டியிலேர்ந்து விழுந்தவரோட தங்கச்சி நான். ஒரே ஒரு கேள்வி. அன்னைக்குக் காலையில டர்போ அழுத்தத்தை ஏத்தினீங்களா, இல்லையா?"

சிரிப்பு நின்றது. என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்து, அம்மா, சோதனைக் கட்டத்துல தினமும் ஏதாவது மாத்திக்கிட்டேதான் இருப்போம்..."

"ஏத்தினீங்களா, இல்லையா?"

"ஏத்தினோம். சந்தைக்கு நேரமாச்சு, போட்டிக் கம்பெனிக்காரன் முந்திக்கிட்டான். மேலிடத்து நெருக்கடி."

"வண்டி ஓட்டறவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் நல்ல அனுபவசாலி. முதல் சுத்துலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நான் தினமும் அறுபது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டறேன். ராத்திரி டிப்போவுல என் பிரேக்கை எவனாவது மாத்தி வச்சுட்டு, காலையில ஓட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கோன்னு சொன்னா, அவனை நீங்க என்ன பண்ணுவீங்க? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சொன்னீங்களா?"

மேடையில் நீர்க் குவளை இருந்தது. அவர் அதைத் தொட்டார், எடுக்கவில்லை.

"சொல்லலை."

ஹாரன் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. சுருட்டை எழுந்து நின்றிருந்தான். மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டி, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

"சொல்லியிருந்தா ஓட்டமாட்டேன்னு நினைச்சீங்களா, சார்?"

என்ஜினியர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். கைத்தடியை மேசையில் சாய்த்தார்.

"சொல்லியிருந்தா அதையும் ஓட்டியிருப்பேன்" என்றான் சுருட்டை. "வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னாடி நேராக்கிட்டு, அதுக்கப்புறம் திருகியிருப்பேன். கேமராக்காரங்க வாயைப் பொளந்திருப்பாங்க. உங்க வண்டி மேல உங்களைவிட எனக்கு ஆசை, சார். எனக்குக் கால் போனது கோபமில்லை. ஓடற வண்டியில கால் போறது உண்டு. நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்தது கூடக் கோபமில்லை. ஒரே ஒரு வார்த்தை. 'இன்னைக்கு ஏத்தி வச்சிருக்கேன்டா, பார்த்துப் போ.' அந்த ஒரு வார்த்தைக்கு நான் லாயக்கில்லையா? வண்டியில பூட்டின ஒரு சாமான் மாதிரி என்னையும் நினைச்சீங்க. அதுக்கு மேல அலட்சியம்னு வேற எழுதி வச்சிருக்கீங்க. யாரோட அலட்சியம், சார்?"

கடைசி வார்த்தை கிட்டத்தட்டத் தங்கையின் குரலிலேயே வந்தது. குடும்பத் தொண்டை அவனுக்கும் இருந்திருக்கிறது. இத்தனை காலம் உபயோகிக்காமல் வைத்திருந்தான்.

என்ஜினியர் மேசையில் சாய்த்த கைத்தடியை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததாகப் பொறுப்பாளர் அறிவித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஹாரன் போய்ப் பார்த்தபோது பித்தளைப் பலகை காணோம். அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும்.

"எடுத்துட்டோம்மா" என்றாள் பொறுப்பாளர், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

"எடுத்தா ஆச்சா? ஊரைக் கூட்டித் திட்டிட்டு, காதோரமா வந்து மன்னிச்சுக்கோன்னு சொல்ற கதையா இருக்கு. பொய்யை எழுத இடம் இருந்துச்சில்ல? உண்மைக்கும் அதே இடம் போதும்."

பொறுப்பாளர் மேலிடத்தோடு மல்லுக்கட்டினாள் என்பது பிறகு தெரிந்தது. புதுப் பலகை வந்தது: 'வண்டியின் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றம் ஓட்டுநருக்குத் தெரிவிக்கப்படாத நிலையில் விபத்து நேரிட்டது.'

ஹாரன் அதை உரக்க வாசித்தாள். "தெரிவிக்கப்படாத நிலையாமே! யாரு தெரிவிக்கலை? மாத்தினது பேயா, பிசாசா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க, இப்போ கொஞ்சம் பெரிய தட்டுல."

மறுபடியும் மாற்றினார்கள். 'நிர்வாகம் தன் மாற்றத்தை ஓட்டுநருக்குத் தெரிவிக்காததால் இந்த விபத்து நேர்ந்தது.' பித்தளையில். சுருட்டையை அழைத்துப் போய்க் காட்டினாள். அவன் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பின்டயரை மாத்திட்டாங்க, இது அந்த டயர் இல்ல" என்று முணுமுணுத்தான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சில வாரம் கழித்து ஒரு மாலையில் வாசலில் கார் நின்றது. வெள்ளி முனைக் கைத்தடி முதலில் இறங்கியது.

ஹாரன் கதவை முழுக்கத் திறக்கவில்லை. சுருட்டை உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "யாரு? சாரா? வாங்க, வாங்க!"

வாங்கவாம்! அண்ணி தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். ஹாரன் சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற குரல் வரும் என்று பார்த்தால், உள்ளே இரண்டு பேரும் காற்றாடியின் இறக்கை கனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது வருகிற புது டர்போவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் காற்றை அளந்து விடுகிறதாம். வளைவில் சாய்ந்தால் அதுவே குறைத்துக்கொள்கிறதாம். "அப்படின்னா ஓட்டறவனுக்கு என்ன சார் வேலை?" என்று சுருட்டை கேட்க, கிழவர் சிரித்தார். இவனும் சிரித்தான்! ஹாரன் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். சிரிப்பு நிற்கவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு ரோஷமே கிடையாதா?" என்றாள் அண்ணியிடம்.

"எனக்கு வீட்டுக்காரர்னா உனக்கு அண்ணன். நீ போய்க் கேளு" என்றாள் அண்ணி.

கிழவர் விடைபெற்று வெளியே வந்தார். கார்க் கதவுக்கும் அவருக்கும் நடுவில் ஹாரன் போய் நின்றாள். பேருந்தைக் குறுக்கே நிறுத்தின மாதிரி.

"இத்தனை நேரம் என்ன பேசினீங்க?"

"வண்டியைப் பத்தி."

"அதுக்கா வந்தீங்க?"

அவர் கைத்தடியின் முனையைப் பார்த்தார். "இல்லைம்மா. வேற ஒண்ணு சொல்ல வந்தேன். அவர் வாங்கன்னு சொன்னதும் சொல்ல வரலை. அவர் கொஞ்சம் முறைச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் முறைக்கிறேன். சொல்லுங்க."

"தப்பு என்னுது."

காதில் விழுந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அது இன்னும் கொஞ்சம் ஏறவே செய்தது. எவ்வளவு சின்ன வாக்கியம்! இதை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"என்கிட்ட எதுக்கு? விழுந்தது நானா?" என்றாள். "உள்ள போய்ச் சொல்லுங்க."

கிழவர் தயங்கினார். பிறகு திரும்பி, படி ஏறினார். இரண்டாவது படியில் கைத்தடி நழுவியது. எடுத்துக் கொடுக்க அவள் குனியவில்லை, அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது.

காரின் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "கிளம்ப நேரமாகுமாம்மா?" என்று கேட்டான்.

"ஆகும், எஞ்சினை அணைச்சுடு" என்றாள் ஹாரன்.